கார்பாக்சில் தொகுதியை இரண்டாகப் பிளக்காதீர்கள்

பழைய வண்ணாரப்பேட்டையில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு மாலை நேரங்களில் வேதியியல் சொல்லித்தருகிறேன். கார்பாக்சிலிக் அமிலப் பாடத்தில் மதிப்பெண் பறிபோகும் இடங்களைத் தோண்டினால், பெரும்பாலும் ஒரே வேர்தான் அகப்படுகிறது: கார்பாக்சில் தொகுதியை (–COOH) ஒரு கார்பனைலும் (C=O) ஒரு ஹைட்ராக்சிலும் (–OH) அக்கம்பக்கத்தில் குடியிருப்பதாக நினைத்துக்கொள்வது.

அப்படி நினைப்பவர் கார்பனைலைக் கண்டதும் அசிட்டிக் அமிலத்தோடு ஹைட்ராக்சிலமீனைச் சேர்த்து, ஆல்டிஹைடுகள் தருவதைப் போல ஆக்சைம் (C=N–OH உள்ள சேர்மம்) எழுதிவிடுகிறார். ஆக்சைம் உருவாகாது. ஹைட்ராக்சில் ஆக்சிஜனின் தனித்த எலக்ட்ரான் இணை உடனிசைவால் (எலக்ட்ரான்கள் ஓரிடத்தில் நிற்காமல் பல அணுக்களில் பரவுவதால்) கார்பனைல் பக்கம் நகர்வதால், ஆல்டிஹைடு கார்பனுக்குள்ள எலக்ட்ரான் பசி இந்தக் கார்பனுக்கு இல்லை. புரோட்டான் பிரிந்த பிறகும் உடனிசைவுதான் எதிர்மின்சுமையை இரண்டு ஆக்சிஜன்களுக்கும் சமமாகப் பங்கிடுகிறது. எத்தனாலில் காணாத அமிலத்தன்மை இங்கே வருவது அதனால்தான். இதை ஒருமுறை கையால் வரைந்து பாருங்கள். மனப்பாடத்தில் பாதி குறைந்துவிடும்.

ஆல்டிஹைடு போலவும் நடந்துகொள்ளும் விதிவிலக்கு பார்மிக் அமிலம். கார்பனைல் கார்பனிலேயே ஒரு ஹைட்ரஜன் இருப்பதால் ஆல்டிஹைடைக் கண்டறியும் டாலன்ஸ் சோதனையில் வெள்ளி ஆடி தரும். அசிட்டிக் அமிலம் தராது.

அமிலமும் ஆல்கஹாலும் சேர்ந்து எஸ்டர் உருவாகும் எஸ்டராதலில் வெளியேறும் நீரின் ஆக்சிஜன் ஆல்கஹாலிலிருந்து வருவதாக எழுதுவது அடுத்த தவறு. ஆல்கஹாலில் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பை வைத்துச் செய்த சோதனையில் அது எஸ்டரில்தான் தங்கியது. நீருக்குப் போனது அமிலத்தின் ஆக்சிஜன். அமிலத்தின் சோடியம் உப்பைச் சோடா சுண்ணாம்போடு சூடாக்கும்போது ஒரு கார்பன் குறையும் என்பதையும் மறக்க வேண்டாம்: சோடியம் அசிட்டேட் தருவது மீத்தேன், ஈத்தேன் அல்ல.

சோடியம் பைகார்பனேட் சோதனையில் ஃபீனாலும் நுரைக்கும் என்று எழுதாதீர்கள். நுரைக்க வேண்டுமானால் பைகார்பனேட்டிலிருந்து கார்பானிக் அமிலத்தை வெளியேற்ற வேண்டும்; ஃபீனால் கார்பானிக் அமிலத்தைவிட வலிமை குறைந்தது. அசிட்டிக் அமிலம் வலிமை மிகுந்தது.

வலிமை குறைந்த அமிலம் என்றால் எதுவும் செய்யாது என்ற எண்ணமும் பலருக்கு இருக்கிறது. காசிமேட்டில் மீன் வாங்கி வந்ததும் நம் வீடுகளில் புளித்தண்ணீரில் அலசுகிறோம். கவுச்சிக்குக் காரணமான டிரைமெத்திலமீன் ஒரு காரம். புளியிலுள்ள டார்டாரிக் அமிலம் அதை ஆவியாகாத உப்பாக மாற்றிவிடுகிறது. மீன் கழுவிய தொட்டியில் பிளீச்சிங் பவுடர் தூவியிருந்தால் மட்டும் அதன்மேல் புளியோ எலுமிச்சையோ வினிகரோ படவே கூடாது. குளோரின் வாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது நுரையீரலைத் தாக்கும். கிளம்பிவிட்டால் தொட்டியைக் கழுவ நிற்காமல் உடனே வெளியே வந்துவிடுங்கள்.