மொட்டை மாடியில் பாலைச் சாமந்தி வளர்க்க

அமெரிக்காவின் தென்மேற்குப் பாலைநிலங்களிலும் வடக்கு மெக்ஸிகோவிலும் தானாக வளரும் பாலைச் சாமந்தி (தாவரவியல் பெயர் பேய்லியா மல்டிரேடியாட்டா), சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மஞ்சள் பூச்செடி. சென்னையின் வெயில் இதற்குத் தடையே அன்று. காற்றிலுள்ள ஈரப்பதமும் வடகிழக்குப் பருவமழையும்தான் இதை அழுகச் செய்யும். ஆகவே, மழை ஓய்ந்தபின் தை மாதத்தில் விதைப்பதே நல்லது.

மண்தொட்டியில் இரண்டு பங்கு பருமணலும் ஒரு பங்கு செம்மண்ணும் கலந்து நிரப்புங்கள். மாடித்தோட்டத்தில் நாம் வழக்கமாகச் சேர்க்கும் தென்னை நார்க்கழிவு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதால் அதை அறவே தவிர்க்க வேண்டும்; எருவும் தேவையில்லை. விதையை மேலாகத் தூவி, மெல்லிய மணலால் மூடினால் போதும். நாற்றைப் பிடுங்கி நடாமல், வளர வேண்டிய தொட்டியிலேயே விதைப்பது வேருக்கு நல்லது.

இலையைக் கூர்ந்து பார்த்தால், வெண்சாம்பல் நிறத்தில் பஞ்சு ஒட்டியது போன்ற நுண்மயிர்கள் தெரியும். வெயிலின் கடுமையைத் தணித்து நீரிழப்பைக் குறைக்கும் இந்த மயிர்களே, பூவாளியால் தெளிக்கும் நீரையும் தேக்கிவைத்து அழுகலை வரவழைக்கும். எனவே மண் முழுவதும் காய்ந்தபின், அடித்தண்டின் அருகில் மட்டும் ஊற்றுங்கள்.

இச்செடி ஆடுகளுக்கு நஞ்சு என்பதால், கழித்த தண்டுகளைத் தெருவில் போடாதீர்கள். வெளிநாட்டு உறவினரிடம் சொல்லி விதையை உறையில் வரவழைக்கவும் வேண்டாம். 2003ஆம் ஆண்டின் தாவரத் தொற்றுத்தடுப்பு ஆணைப்படி, இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் அதற்குத் தேவை.