தென் கொரியாவின் 20 நாள் ஏற்றுமதிக் கணக்கைப் படிப்பது எப்படி?

ஆசிய மின்னணுப் பொருள்களுக்குக் கிராக்கி திரும்புகிறதா என்பதை முதலில் காட்டிக்கொடுக்கும் நாடு தென் கொரியா. மாதத்தின் முதல் 10 நாள் கணக்கு 11ஆம் தேதி வாக்கிலும், 20 நாள் கணக்கு 21ஆம் தேதி வாக்கிலும் சுங்கத் துறையிடமிருந்து வரும். முழு மாதக் கணக்கு அடுத்த மாதம் 1ஆம் தேதியே கிடைக்கும். 10 நாள் கணக்கை விட்டுவிடலாம். ஒரு விடுமுறை இடம் மாறினாலே அது தலைகீழாகிவிடும்.

தலைப்பில் உள்ள சதவீதத்தை நம்பும் முன் வேலை நாள்களைப் பாருங்கள். சனிக்கிழமை அரை நாள் என்பதால் 14.5 என்றெல்லாம் இருக்கும். போன ஆண்டு 13 நாளில் 100, இந்த ஆண்டு 14.5 நாளில் 110 என்றால் செய்தியில் 10% வளர்ச்சி. நாள் சராசரியோ 7.69இலிருந்து 7.59க்கு இறங்கியிருக்கும். பெரிய தொல்லை, பல நாள் விடுமுறை வரும் சந்திரப் புத்தாண்டு. அது 2023இல் ஜனவரியிலும் 2024இல் பிப்ரவரியிலும் வந்தது. 2024 ஜனவரி ஏற்றுமதி 18% கூடியது. நாள் சராசரி வளர்ச்சி அதில் பாதிகூட இல்லை. இந்த இரண்டு மாதங்களையும் கூட்டியே பாருங்கள்.

அடுத்து, கணக்கில் சிப் ஏற்றுமதிக்கான வரிசை. 100 என்பது 70 ஆக விழுந்து, பிறகு 30% ஏறினாலும் 91தான். சிப் ஏற்றுமதி ஓராண்டுக்கும் மேல் சரிந்து 2023 நவம்பரில்தான் ஏறத் தொடங்கியது. இப்படிப்பட்ட சரிவுக்குப் பின் இரண்டாண்டுக்கு முந்தைய தொகையோடு ஒப்பிடுவதே சரி.

விலையையும் அளவையும் பிரிக்காவிட்டால் கணக்கு ஏமாற்றும். 2023இல் சாம்சங் மெமரி சிப் உற்பத்தியைக் குறைத்தது. வரத்து குறைந்தபின் விலை ஏறியது. டாலர் தொகை கூடினால் சிப்பும் கூடுதலாகப் போனது என்று பொருளில்லை. கொரிய மத்திய வங்கி ஏற்றுமதி அளவுக் குறியீட்டைத் தனியே தருகிறது. தாமதமாக வந்தாலும் அதைப் பார்க்காமல் முடிவு சொல்லாதீர்கள்.

சரக்கு எங்கே போகிறது? தைவானுக்கு மட்டும் எகிறினால் அது பெரும்பாலும் ஏஐ சர்வர்களுக்கான மெமரி. போன், கம்ப்யூட்டர் சந்தை எழுந்துவிட்டதாக எண்ண வேண்டாம். வியட்நாமுக்குப் போவதில் அங்கே போனாகப் பொருத்தப்படும் பாகங்கள் நிறைய. அதனால் கொரியா, வியட்நாம் ஆகிய இரு நாட்டு ஏற்றுமதியையும் கூட்டினால் ஒரே பாகம் இருமுறை எண்ணப்படும்.

20ஆம் தேதி வாக்கில் வரும் தைவானின் ஏற்றுமதி ஆர்டர் கணக்கை ஒத்துப்பார்க்கலாம். ஆனால் அந்த ஆர்டர்களில் கணிசமானவை சீனா போன்ற வெளிநாட்டு ஆலைகளில் தயாராகின்றன. தைவானுக்குள் உற்பத்தி கூடியதா என்பதற்கு அதன் நிதி அமைச்சகம் தரும் ஏற்றுமதிக் கணக்கே உதவும்.

இவ்வளவும் தேறினாலும் அது ஏற்றுமதியின் மீட்சி மட்டுமே. 2024இல் கொரிய ஏற்றுமதி 68,000 கோடி டாலரைத் தாண்டிச் சாதனை படைத்தது. அதே ஆண்டு உள்நாட்டுச் சில்லறை விற்பனை சரிந்தது. சிப் ஆலை முதலீடு பெரிது, அதில் வேலை பெறுவோர் குறைவு. பொருளாதாரமே மீண்டது என்று எழுதும் முன் சில்லறை விற்பனைக் குறியீட்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.