பழைய ஃபிலிம் கேமராவை வைத்துக்கொள்வதா, விற்பதா: கடலோர வீடுகளில் நடக்கும் தவறுகள்

கீழக்கரை, தொண்டிப் பக்கம் சபுர் (வெளிநாட்டுப் பிழைப்பு) போய்வந்தவர்கள் வீட்டுப் பீரோவில் ஒரு யாஷிகா கேமராவாவது கிடக்கும். வீட்டை ஒழுங்குபடுத்தும்போது அது வெளியே வரும். முதல் தவறு அடுத்த அரை நிமிடத்திலேயே நடக்கிறது: பின்கதவைத் திறந்து பார்ப்பது. உள்ளே ஃபிலிம் இருந்தால், கழுவாத படங்கள் அந்த வெளிச்சத்திலேயே போய்விடும்.

திறக்கும் முன், ஃபிலிமைத் திரும்பச் சுற்றும் ரீவைண்ட் கைப்பிடியை அம்புக்குறி காட்டும் பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். ஓரிரு சுற்றில் இறுகினால் ரோல் இருக்கிறது. சும்மாவே சுழன்றால் பெரும்பாலும் காலி. இறுகினால், அடியில் உள்ள சிறு பொத்தானை அழுத்திவிட்டு, இறுக்கம் விட்டுத் தளரும்வரை சுற்றி, அதன் பிறகு திறக்கலாம். பல ஆண்டு வெக்கையில் கிடந்த கலர் ரோலில் நிறம் தேறுவது கடினம்; கறுப்பு வெள்ளை முறையில் கழுவினால் முகங்களாவது கிடைக்க வாய்ப்புண்டு. கோடாக்ரோம் (கோடக் நிறுவனத்தின் பழைய கலர் ஃபிலிம்) ரோல் என்றால் கறுப்பு வெள்ளை மட்டும்தான். அதைக் கலரில் கழுவும் வேலை 2010 இறுதியோடு உலகம் முழுக்க நின்றுபோனது.

அடுத்தது லென்ஸ். பகல் வெளிச்சத்தில் முன்பக்கம் பளபளவென்று இருந்தால் நல்ல லென்ஸ் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். இருட்டறையில் பாருங்கள். ஃபிலிம் இல்லாத கேமராவின் பின்கதவைத் திறந்து, அப்பெர்ச்சரை (லென்ஸுக்குள் ஒளி புகும் துளை) முழுதாக விரித்து, ஷட்டரை ‘பி’யில் (பொத்தானை அழுத்தும்வரை திறந்தே இருக்கும் நிலை) வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, பின்னாலிருந்து செல்போன் டார்ச்சைச் சற்றுச் சாய்வாக அடியுங்கள். சிலந்தி நூல் போலக் கிளைவிட்டுத் தெரிந்தால் பூசணம். பால் கலந்தது போல் மங்கல் தெரிந்தால் உள்ளே ஆவி படிந்திருக்கிறது. இரண்டு மூன்று தூசித் துகள்கள் படத்தைக் கெடுக்காது. அதைக் காட்டி விலையைக் குறைப்பவரிடம் மசிய வேண்டாம். ஓரத்தில் மட்டும் இருக்கும் பூசணத்தைச் சுத்தம் செய்யலாம். நடுவில் படர்ந்து மேற்பூச்சை அரித்துவிட்டால், துடைத்த பிறகும் தழும்பு நிற்கும்.

பூசணம் தெரிந்ததும் மொட்டைமாடி வெயிலில் காயவைப்பது இங்கே வழக்கம். லென்ஸ் சூரியனைப் பார்த்துக் கிடந்தால் அது பூதக்கண்ணாடி வேலை செய்யும். லென்ஸுக்கும் ஷட்டருக்கும் நடுவே முகம்பார்க்கும் கண்ணாடி போன்ற மறைப்பு இல்லாத, துணி ஷட்டர் கேமராக்களில் அந்தத் துணித் திரையில் ஓட்டை விழும். வெக்கையில் உள்ளிருக்கும் கிரீஸ் இளகி அப்பெர்ச்சர் இதழ்களில் ஏறி ஒட்டும். ஏற்கெனவே கண்ணாடியில் விழுந்த தழும்பை வெயில் மாற்றப் போவதில்லை.

பூசணம் வருவது ஏன் என்று பார்த்தால் தோல் உறையில் போய் நிற்கும். தோல் ஈரத்தை வாங்கிப் பிடித்துக்கொள்ளும். பாம்பன், மண்டபம் பக்கம் காற்றில் வரும் உப்புப் படலம் இன்னும் மோசம்: காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாகவே தண்ணீர் இழுத்துக் கசியும். வாடைக்காலத்தில் அதற்குக் குறைவான நாள்தான் அபூர்வம். அதனால் உறையை வேறு இடத்தில் வையுங்கள். ரப்பர் விளிம்புள்ள, காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, 100 கிராம் சிலிக்கா ஜெல், ஒரு சிறிய ஈரமானி. முள் 40-க்கும் 50-க்கும் நடுவே நின்றால் போதும். ஆரஞ்சு மணிகள் பச்சையானால் ஈரம் குடித்துவிட்டன என்று பொருள். சுமார் 120 டிகிரி சூட்டில் ஓரிரு மணி நேரம் வைத்தால் மீளும். நீல மணிகளில் கோபால்ட் உண்டு, சமையல் பாத்திரத்தில் சூடாக்காதீர்கள். அரிசி? அது ஈரத்தை வாங்குவதைவிட மாவுத்தூசியைக் கொடுப்பதுதான் அதிகம்.

கடற்கரையிலிருந்து வந்ததும் லுங்கி முனையால் லென்ஸைத் துடைப்பதும் வேண்டாம். உப்புத்துகள் உப்புத்தாள் போலத் தேய்க்கும். முதலில் ரப்பர் புளோயரால் ஊதுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரில் லேசாக நனைத்த மைக்ரோஃபைபர் துணி, அதன் பின் உலர்ந்த துணி.

‘ஷட்டர் வேலை செய்யவில்லை, செத்துப்போச்சு’ என்று எடைக்குப் போடப்படும் கேமராக்களில் சிலவற்றுக்கு பேட்டரிதான் தேவை. யாஷிகா எலக்ட்ரோ 35 பேட்டரி இல்லாமல் 1/500 நொடியில் மட்டுமே இயங்கும். அதற்குரிய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி இப்போது வருவதில்லை. அடாப்டர் வைத்து 6 வோல்ட் பேட்டரி போடுகிறார்கள். பென்டக்ஸ் கே1000, நிக்கான் எஃப்எம்2 இரண்டுக்கும் ஷட்டர் பேட்டரியில்லாமலே ஓடும், வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு மட்டும்தான் அது வேண்டும். பேட்டரி அறையில் வெள்ளையாகப் பூத்திருந்தால் வினிகர் தொட்ட பட்ஸால் துடைத்துக் காயவிட்டுப் பாருங்கள்.

பிறகு ஷட்டரை 1 நொடியில் வைத்து அழுத்துங்கள். சீரான ‘கிர்ர்’ சத்தத்துடன் மூடினால் நல்லது. பாதியில் நின்றால் உள்ளே கிரீஸ் காய்ந்திருக்கிறது. அங்கே தேங்காய் எண்ணெய் ஒரு சொட்டு விடும் கைங்கரியம் எப்படியோ எல்லா ஊரிலும் இருக்கிறது. ஒரு வாரம் ஓடும். அதன் பிறகு எண்ணெய் இதழ்களுக்குப் பரவி, மெக்கானிக்குக் கூலி இரட்டிப்பாகும்.

விலையைப் பொறுத்தவரை, இணையத்தில் விற்பவர் கேட்கும் தொகையைப் பார்த்து ஏமாறாதீர்கள். விற்று முடிந்த விலையைத் தேடுங்கள். மாற்ற முடியாத லென்ஸ், அதன் நடுவே பூசணம், ஷட்டரும் சிக்கல் என்றால் பழுதுக்கூலி கேமராவின் விலையைத் தாண்டும். குறையைச் சொல்லி உதிரிபாகத்துக்குக் கொடுத்துவிடலாம். லென்ஸ் தெளிவாக, ஷட்டர் சீராக இருந்தால் ஒரே ஒரு ரோல் போட்டுப் பாருங்கள்: ரோல், கழுவும் கூலி, ஸ்கேன், கூரியர் எல்லாவற்றையும் கூட்டி 36-ஆல் வகுத்தால் ஒரு படத்தின் செலவு தெரியும். அந்தத் தொகையைப் பார்த்த பிறகும் மாதம் ஒருமுறை வெளியே எடுத்து ஷட்டரை ஓட்டத் தோன்றுகிறதா? வைத்துக்கொள்ளுங்கள்.

கேமராவை விற்றாலும், அதே பையில் சுருண்டு கிடக்கும் நெகடிவ்களைச் சேர்த்துக் கொடுத்துவிடாதீர்கள். ஆறு ஆறு படமாக வெட்டிய பட்டைகளை நெகடிவ் உறையில் போட்டு, ஆண்டை மேலே எழுதி, அதே சிலிக்கா டப்பாவில் வையுங்கள். புளித்த வினிகர் வாடை அடிக்கும் பட்டை இருந்தால் அதை மட்டும் தனியே எடுத்து, முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள்.