மலையேறப் போகும் சிங்கப்பூர்க்காரருக்கு ஒரு வேட்டை ரைஃபிள்: எதைப் பார்த்து எடுப்பது?

எங்கள் புளோக்கில் 14 மாடி. வாரத்தில் மூன்று நாள், முதுகுப்பையில் இரண்டு அரிசி மூட்டையோடு அதன் படிக்கட்டில் ஏறி இறங்குவேன். ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா, "மின்தூக்கி மறுபடியும் கெட்டுப்போச்சா தம்பி?" என்று கேட்டார். நியூசிலாந்துக்கு வேட்டைக்குப் போகிறேன் என்றால் அதற்குப் பின்னால் இருபது கேள்வி வரும். ஆமாங்க்கா என்று சொல்லிவிட்டு ஏறிவிட்டேன்.

அந்த இருபதில் என் கூட்டாளிகள் தவறாமல் கேட்பது, "எந்த ரைஃபிள் எடுப்பது?" தேசிய சேவையில் எஸ்ஏஆர் 21 ராணுவ ரைஃபிளைப் பிடித்ததோடு சரி, வேறு எதையும் தொட்டதில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் முதல் தடவை தப்பான ரைஃபிளை எடுத்தவன். அந்தக் கதையும் நடுவில் வரும்.

கடைக்குப் போகும் முன் சட்டம்

சிங்கப்பூரில் வேட்டை கிடையாது. உரிமமில்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் சிறையும் பிரம்படியும் உண்டு. ஏர்சாஃப்ட் பொம்மைத் துப்பாக்கியைக்கூட வீட்டில் வைத்துப் பழக முடியாது. ஆகவே இங்கே "வாங்குவது" என்ற பேச்சே இல்லை. நாம் செய்யப்போவது, நியூசிலாந்தில் வழிகாட்டியிடமிருந்து வாடகைக்கு எதைக் கேட்பது என்று முடிவுசெய்வது. அங்கே வெளிநாட்டினருக்கென்று தனித் துப்பாக்கி உரிமம் இருக்கிறது. போவதற்கு முன்பே விண்ணப்பிக்கவேண்டும். உரிமம் இல்லாதவரும், உரிமம் உள்ள ஒருவர் பக்கத்திலேயே நின்று மேற்பார்வையிட்டால் சாதாரண வேட்டை ரைஃபிளால் சுடலாம். முதல் பயணத்துக்கு இதுவே போதும். அரசின் இயற்கைப் பாதுகாப்பு நிலத்தில் வேட்டையாடத் தனி அனுமதிச் சீட்டு வேண்டும்.

ஏன் நியூசிலாந்து? அங்கே வௌவால்களைத் தவிர மண்ணுக்குச் சொந்தமான தரைப் பாலூட்டி ஏதுமில்லை. மானும், தார் என்ற மலையாட்டு வகையும் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டவை. 1904-ல் மவுண்ட் குக் அருகே விட்ட இமயமலைத் தார் பெருகி, மலைச் செடிகளை மேய்ந்து தீர்க்க, அவற்றின் எண்ணிக்கை 10,000-ஐத் தாண்டக்கூடாது என்று 1993-ல் அரசே திட்டம் போட்டது. அந்தத் தார் நம் வரையாட்டைப் போலவே இருக்கும். வெகுகாலம் இரண்டையும் ஒரே பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள், 2005-ல்தான் பிரித்தார்கள். தமிழ்நாட்டின் மாநில விலங்கான வரையாட்டைக் காக்க அங்கே அரசு பாடுபடுகிறது, நியூசிலாந்து அரசு அதன் சாயல்காரனைக் குறைக்கச் சொல்கிறது. முதல் முறை ஸ்கோப்பில் (ரைஃபிள்மேல் இருக்கும் குறிபார்க்கும் தொலைநோக்கி) பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் சங்கடமாகத்தான் இருந்தது.

படி 1: விலங்கையும் தூரத்தையும் முடிவுசெய்யுங்கள்

செம்மானுக்கு மார்ச் கடைசியும் ஏப்ரலும். ஆண் மான்கள் உறுமும் காலம் அது. தாருக்கு மே முதல் ஜூலை வரை. கிடாவின் பிடரி மயிர் அப்போதுதான் நன்றாக வளர்ந்திருக்கும். இரண்டுக்கும் இதயமும் நுரையீரலும் இருக்கும் இடத்தை ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தட்டாக நினைத்துக்கொள்ளுங்கள். நமக்கு வேண்டிய ரைஃபிள், அந்தத் தட்டைத் தவறாமல் தொடவேண்டும். அதற்கு மேல் துல்லியம் இருந்தால் சந்தோஷம், ஆனால் அதற்காகக் காசை இறைக்கவேண்டாம்.

"நெடுந்தூரம்" என்ற வார்த்தையில் மயங்கவேண்டாம். காணொளிகளில் 800 மீட்டரில் சுடுகிறார்கள். தொடக்கக்காரருக்கு 200, மிஞ்சினால் 250 மீட்டர். 400-க்கு ஏற்ற ரைஃபிளை எடுத்துக்கொண்டு 200-ல் சுடுவதுதான் புத்திசாலித்தனம்.

படி 2: தோட்டா

துப்பாக்கிக்கு முன்னால் தோட்டாவை முடிவுசெய்யுங்கள். 308 வின்செஸ்டர் என்ற தோட்டா வகை 1952-லிருந்து இருக்கிறது, எந்தக் கடையிலும் கிடைக்கும். 270 வின்செஸ்டர் அதைவிடப் பழையது, 1925. 6.5 கிரீட்மோர் 2007-ல் வந்தது. மெல்லிய நீளமான தலை, காற்றை நன்றாக வெட்டும், சுடும்போது தோளில் விழும் உதையும் குறைவு. 7 மில்லிமீட்டர் ரெமிங்டன் மேக்னமும் 300 வின்செஸ்டர் மேக்னமும் பெரிய பையன்கள், உதையும் பெரிது.

என் சிபாரிசு 6.5 கிரீட்மோர், கிடைக்காவிட்டால் 308. 6.5 தோட்டாவின் 143 கிரெயின் (சுமார் 9 கிராம்) எடையுள்ள தலை வினாடிக்குச் சுமார் 820 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 200 மீட்டரில் சரியாக விழும்படி வைத்தால், 300-ல் 25 சென்டிமீட்டர் அளவுக்கும் 400-ல் 70 சென்டிமீட்டர் அளவுக்கும் கீழே இறங்கும். இந்த இறக்கம் கணக்குக்கு அடங்கும். அடங்காதது காற்று. மணிக்கு 16 கிலோமீட்டர் வேகத்தில் குறுக்கே அடித்தால் 200 மீட்டரில் 6 சென்டிமீட்டர்தான் தள்ளும். 400 மீட்டரில் 25! தூரம் இரண்டு மடங்கு, விலகல் நான்கு மடங்கு. 20 சென்டிமீட்டர் தட்டை நினைத்துப் பாருங்கள். மலையிலோ, நீங்கள் நிற்கும் இடத்தில் ஒரு காற்று, நடுப்பள்ளத்தில் வேறு காற்று.

படி 3: எடை. இங்கேதான் எல்லாரும் சறுக்குகிறோம்

எஸ்ஏஆர் 21 தோட்டா இல்லாமல் 3.82 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு நடந்த ஞாபகம் தோளுக்கு இருக்கும். அதனால் விளம்பரத்தில் "2.2 கிலோ" என்று பார்த்ததும் மனம் துள்ளும். கிம்பர் நிறுவனத்தின் மவுண்டன் அசென்ட் 308-ல் கிட்டத்தட்ட அந்த எடைதான். டிக்கா டி3எக்ஸ் லைட் சுமார் 2.9 கிலோ.

ஆனால் அது வெறும் ரைஃபிள். ஸ்கோப் 450 கிராம், அதைப் பிடிக்கும் வளையங்கள் 100, தோள்வார் 150, பத்துத் தோட்டா 230, சத்தம் குறைக்கும் சப்ரசர் 350 என்று வைத்துக்கொள்ளுங்கள். 2.9 கிலோ 4.18 கிலோ ஆகிவிடும். விலைப்பட்டியலில் இருக்கும் எடையைக் கேட்காதீர்கள், "மலையில் என் தோளில் எவ்வளவு தொங்கும்?" என்று கேளுங்கள்.

சரி, அப்படியானால் ஆக இலேசானதே நல்லது அல்லவா? நானும் அப்படித்தான் நினைத்தேன். முதல் பயணத்தில், 300 மேக்னத்தில் கிடைத்ததிலேயே இலேசானது வேண்டும் என்று அடம்பிடித்தேன். வழிகாட்டி ஒரு மாதிரியாகப் பார்த்தார், பிறகு கொடுத்துவிட்டார். பயிற்சி மைதானத்தில் இரண்டாவது வேட்டிலேயே ஸ்கோப்பின் விளிம்பு பின்னால் வந்து என் புருவத்தைக் கிழித்தது. மூன்றாவது வேட்டுக்கு என் உடம்பு எனக்கு முன்னாலேயே முடிவெடுத்துவிட்டது: விசையை அழுத்துவதற்கு முன்பே கண் மூடிக்கொண்டது. மறுநாள் 180 மீட்டரில், அசையாமல் நின்ற கிடா ஒன்றைச் சுத்தமாகத் தவறவிட்டேன். தவறியது நல்லது, காயப்படுத்தியிருந்தால் இன்னும் மோசம்.

பள்ளியில் படித்த உந்த அழிவின்மைதான் இது. தோட்டா முன்னே போகும்போது துப்பாக்கி பின்னே வருகிறது. துப்பாக்கி எவ்வளவு இலேசோ அவ்வளவு வேகமாக வரும். 3.4 கிலோ ரைஃபிளை 2.7 ஆக்கினால், அதே தோட்டாவுக்கு உதையின் ஆற்றல் நான்கில் ஒரு பங்கு கூடும். ஒரே எடையில் 300 மேக்னம், 6.5 கிரீட்மோரைவிட இரண்டு மடங்குக்கு மேல் உதைக்கும். அந்த 6.5-கூட, நாம் பழகிய எஸ்ஏஆர் 21-ஐவிட மூன்று மடங்குக்கு மேல். நான் செய்தது, இருக்கிற இரண்டு தவறையும் ஒன்றாகச் சேர்த்தது.

உதை மட்டுமில்லை. மலையேறி மூச்சு வாங்கும்போது, இலேசான துப்பாக்கி நெஞ்சுத் துடிப்புக்கெல்லாம் ஆடும். கொஞ்சம் கனம் இருந்தால் குறி நிற்கும். என் கணக்கு இது: ஸ்கோப்பும் வளையமும் சேர்த்து 3.2 முதல் 3.6 கிலோ. அதற்குக் கீழே போக ஆசையிருந்தால் முதுகுப்பையிலிருந்து எடையைக் குறையுங்கள், இல்லையா, வயிற்றிலிருந்து.

படி 4: குழல், கட்டை, விசை

போல்ட் ஆக்‌ஷன் மட்டும் கேளுங்கள். ஒவ்வொரு வேட்டுக்கும் கையால் இழுத்துத் தள்ளும் வகை. எடை குறைவு, பழுது குறைவு. 2019-க்குப் பிறகு நியூசிலாந்தில் அடுத்த தோட்டாவைத் தானாகவே ஏற்றும் ரைஃபிள்களில் பெரும்பாலானவற்றுக்குத் தடையும் இருக்கிறது.

குழல் 51 முதல் 56 சென்டிமீட்டர் போதும். இலேசான ரைஃபிளின் குழல் மெல்லியது, நாலைந்து வேட்டில் சூடேறிக் குறி நகரும். வேட்டையில் அது பெரிய குறையில்லை, ஏனென்றால் அங்கே கணக்கு குளிர்ந்த குழலின் முதல் வேட்டுதான். கார்பன் நார் சுற்றிய குழல் விறைப்பாகவும் இலேசாகவும் இருக்கும், விலையும் அதற்கேற்ப இருக்கும். முதல் தடவைக்கு அவசியமில்லை.

குழலைத் தாங்கித் தோளில் பதியும் கட்டை மரமாக இருந்தால் அழகு, ஆனால் மழையில் ஊறி வளையும். பாலிமரோ கார்பன் நாரோ நல்லது. ஒரு சோதனை: நம் இரண்டு வெள்ளி நோட்டைக் குழலுக்கும் கட்டைக்கும் நடுவே நுழைத்து, பின்பக்கம் வரை இழுத்துப் பாருங்கள். எங்கும் மாட்டாமல் ஓடினால் குழல் கட்டையைத் தொடாமல் நிற்கிறது என்று அர்த்தம். மாட்டினால் வேறு ரைஃபிள் கேளுங்கள்.

நீளத்தையும் பாருங்கள். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரை பெரும்பாலும் 34, 35 சென்டிமீட்டர் இருக்கும். என்னைப்போல் ஐந்தடி ஐந்தங்குலக்காரருக்கு அதுவே நீளம். குளிருக்குத் தடித்த ஜாக்கெட் வேறு போட்டால் கண் ஸ்கோப்புக்கு எட்டாது, கழுத்தை நீட்டுவோம். புருவம் கிழிவது அப்படித்தான். சுடும்போது போடப்போகும் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டே தோளில் வைத்துப் பாருங்கள். இடதுகைக்காரர் என்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

விசை ஒரு கிலோவிலிருந்து ஒன்றரை கிலோ அழுத்தத்தில் விடுபட்டால் போதும்.

படி 5: ஸ்கோப்

பெரிய உருப்பெருக்கம் வேண்டாம். 3 முதல் 9, அல்லது 4 முதல் 12 மடங்கு. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் குறைந்தது 9 சென்டிமீட்டர் இடைவெளி கிடைக்கவேண்டும். இது என் புருவம் சொல்லும் பாடம். தூரம் அளக்கும் கருவியைத் தனியாகக் கேளுங்கள். மலையில் பள்ளத்தாக்கைத் தாண்டிப் பார்க்கும்போது கண் அளவு பெரிதும் ஏமாற்றும்.

படி 6: சுட்டுப் பார்த்து முடிவுசெய்யுங்கள்

வேட்டைக்கு முந்தைய நாள் முழுவதையும் பயிற்சி மைதானத்துக்கு ஒதுக்குங்கள். 100 மீட்டரில் மூன்று வேட்டு. மூன்றும் 3 சென்டிமீட்டருக்குள் விழுந்தால் அருமை, 4 சென்டிமீட்டர் என்றாலும் வேட்டைக்குத் தாராளம். அதன்பின் மேசையை விட்டு எழுந்துவிடுங்கள். முதுகுப்பையைத் தரையில் போட்டு அதன்மேல் வைத்து, உட்கார்ந்து, சரிவில் படுத்து, 20 சென்டிமீட்டர் தட்டைச் சுடுங்கள். மூன்றுக்கு மூன்று பட்ட கடைசித் தூரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. என்னுடையது இரண்டாவது பயணத்தில் 230 மீட்டர். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அப்புறம், கண் மூடும் பழக்கத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி. உண்மைத் தோட்டாக்களுக்கு நடுவே, உங்களுக்குத் தெரியாமல் ஒரு பொம்மைத் தோட்டாவை வைக்கச் சொல்லுங்கள். அது வெடிக்காதபோது குழல் முனை குலுங்கினால், குலுக்கியது நீங்கள்தான். சப்ரசர் அங்கே சட்டப்படி கிடைக்கும், போட்டுக்கொள்ளுங்கள். சத்தம் குறைந்தால் பயமும் பாதி குறையும். ஆனாலும் காதடைப்பான் போடவேண்டும்.

இங்கே இருக்கும்போது என்ன செய்யலாம்?

தேசிய சேவையாளர் மன்றமான ஈசூன் சாஃப்ராவில் காற்றுத் துப்பாக்கிக் கூடம் இருக்கிறது. உதையே இல்லாத அந்தத் துப்பாக்கியில் மூச்சையும் விசையையும் பழகினால், கை அதை மறக்காது. மற்றபடி, மாடிப்படி. புக்கிட் தீமா உச்சியே 163 மீட்டர்தான், தார் மேயும் இடம் ஆயிரத்துச் சொச்சம் மீட்டருக்கு மேலே. அரிசி மூட்டையைக் கேலி செய்யாதீர்கள்.

திரும்பும் நாளில் ஒரு வேலை பாக்கி இருக்கும். கழற்றிப் போட்ட ஜாக்கெட்டின் உள்பையில் சுட்ட தோட்டாக்கூடு ஒன்று கிடக்கலாம், ஞாபகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்றும் தோன்றலாம். காலிக்கூடுகூட சாங்கியில் வம்புதான். தேசிய சேவையில் ரேஞ்சை விட்டுக் கிளம்பும்போது, என்னிடம் தோட்டாவோ காலிக்கூடோ எதுவும் இல்லை என்று சார்ஜண்ட் முன்னால் உரக்கச் சொன்னோமே, அதைத் தங்கும் அறையில் இன்னொரு தடவை சொல்லுங்கள். பையைக் கட்டில்மேல் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்துவிட்டு.