வெள்ளத்துக்கு பேக் கட்டி வைக்கறப்ப பண்ற தப்புக

ஆடி பொறந்தா எங்க வீதில மேட்டூர் எத்தன அடி, எத்தன கன அடி தொறந்திருக்காங்கங்கறதுதான் பேச்சு. நாங்க இருக்கறது பவானி, ஆத்தோரம். போன வாரம் புதுசா குடிவந்த தம்பி "அண்ணா, எமர்ஜென்சி பேக் ரெடிங்க, வந்து பாருங்க"ன்னு கூப்டாப்ல. பாத்தா 2018-ல நான் பண்ணுன அதே தப்பு. தண்ணி, பிஸ்கட், டார்ச் எல்லாருத்துக்கும் தெரியும், அத உடுங்க.

பத்திரம் பீரோ அடித்தட்டுல

இத நெனச்சா இன்னும் எரிச்சலா வருதுங்க. அந்த ஆகஸ்ட்ல மேட்டூர், பவானிசாகர் ரெண்டுலயும் தண்ணி தொறந்துட்டாங்க. காவேரி நெறஞ்சு ஓடறப்ப, ரெண்டு ஆறும் சேர்ற கூடுதுறைல பவானித் தண்ணி போக எடமில்லாம எதுத்து ஏறும், எங்க வீதிக்கு மொதல்ல சாக்கடை வழியாத்தான் வந்துச்சு, சத்தமே இல்ல. மைக்ல சொன்னதும் பேக்கத் தூக்கிட்டு கெளம்பிட்டோம், துணி மருந்து எல்லாம் இருந்துச்சு, வீட்டுப் பத்திரம் மட்டும் இரும்பு பீரோக்குள்ள தண்ணி போவாதுன்னு நம்பி உட்டுட்டேன். மூணு நா கழிச்சு தொறந்தா அடித்தட்டு பூரா சேறு, மஞ்சப்பைக்குள்ள பத்திரம் ஊறி ஒரே கட்டியா கெடந்துச்சு. பதறிப்போயி மொட்டமாடி வெயில்ல காயப்போட்டேன் பாருங்க, அது அதவிடப் பெரிய தப்பு, அப்பளமாட்ட வெறச்சு ஒண்ணோடொண்ணு ஒட்டிக்கிச்சு, பிரிக்கப் பிரிக்க சீல் இருந்த எடமே பிஞ்சு வந்துச்சு. நெழல்ல வெச்சு, தாளுக்கு நடுவால வெள்ளப் பேப்பர் குடுத்து, பேன் காத்துல மெதுவா ஒணத்தியிருக்கோணும். அப்பறம் நகலுக்கு பத்திர ஆபீசுக்கு நடையா நடந்தேன். இப்ப ஆன்லைன்லயே நகலுக்குப் போடலாம், ஆனா பத்திர நம்பரும் வருசமும் கேப்பாங்க, அது ஊறிப்போன தாள்லதான இருக்கு!

அதனால நம்பர தனியா எழுதி மேட்டுல இருக்கற சொந்தக்காரங்க வீட்ல ஒண்ணு குடுத்து வைங்க, எல்லாப் பக்கத்தையும் போட்டோ எடுங்க, ஒரிஜினல ரெண்டு ஜிப் கவர் போட்டு பேக்குல வெக்கற மாதிரி ரெடியா வைங்க. லேமினேட் மட்டும் பண்ணீராதீங்க. ஓரம் பிஞ்சா உள்ள போற தண்ணி வெளிய வராது.

பேக்க அட்டாலில போடறது

கரண்ட் இல்லாத இருட்டுல யாரு ஸ்டூல் போட்டு ஏறுவா? வாசக்கதவுகிட்ட ஆணில மாட்டுங்க.

டார்ச்சுக்குள்ள பேட்டரி

ஒழுகிரும். கழட்டித் தனியா வைங்க.

கட்டுனதோட மறந்தர்றது

அப்பத்தாவோட பிரசர் மாத்திரை தேதி முடிஞ்சு கெடந்த வீடு எங்க வீதிலயே உண்டு. அமாவாசைக்கு அமாவாசை தொறந்து, தேதி முடியறதுக்குள்ள பழச எடுத்துப் பயன்படுத்திட்டு புதுசு வைங்க. டாக்டர் சீட்டு நகலும் கூடவே இருக்கோணும், முகாம்ல அதப் பாத்துத்தான் மாத்திரை குடுப்பாங்க.

நம்பர் போன்ல மட்டும்

போன் செத்தா அதுவும் போச்சு. 1077, 112 ரெண்டையும் அட்டைல எழுதி பேக்குல போடுங்க. 1077 நம்ம மாவட்ட கண்ட்ரோல் ரூம், 112 எல்லா அவசரத்துக்கும்.

வானத்தப் பாத்து முடிவெடுக்கறது

2018-ல தண்ணி வந்தன்னிக்கு எங்கூர்ல ஒரு தூறல் இல்ல, சுள்ளுன்னு வெயில். குடகு, வயநாட்டுல பேஞ்சா மேட்டூருக்கு வரும், நீலகிரில பேஞ்சா பவானிசாகருக்கு வரும். 2019 ஆகஸ்ட்ல நீலகிரி அவலாஞ்சில ஒரே நாள்ல 80 செ.மீ.க்கு மேல கொட்டுச்சு. இங்க வெயில் அடிக்குதுன்னு அந்தத் தம்பி பேக்கப் பிரிச்சு பிஸ்கட்ட எடுத்துட்டாப்ல, நேத்துப் போயி மறுக்கா நானே கட்டி ஆணில மாட்டிட்டு வந்தேன்.