தடுப்புப் பட்டியல் சொன்ன பதிலை யார் படித்தார்கள்?

சனிக்கிழமை காலை பத்து மணி வரை அலுவலகத்துக்கு ஒரு மின்னஞ்சல்கூட வரவில்லை. விடுமுறை மனநிலையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை. வங்கியின் கணக்கு அறிக்கை இன்னும் வந்து சேரவில்லை என்று கணக்குப் பிரிவிலிருந்து தொலைபேசி வந்த பிறகுதான் அஞ்சல் சர்வர் தன் வேலைகளைப் பதிந்துவைக்கும் லாக் கோப்பைத் திறந்தேன். வரிக்கு வரி ஒரே பல்லவி: 554 என்ற மறுப்பு எண், அனுப்பும் சர்வர் தடுப்புப் பட்டியலில் இருக்கிறது, ஏற்க முடியாது. வங்கி பட்டியலில், ஜிமெயில் பட்டியலில், இருபது ஆண்டுகளாக எங்களுக்கு எழுதிவரும் ஆடிட்டரும் பட்டியலில். ஊர் முழுக்க ஒரே இரவில் ஸ்பேம் வியாபாரத்தில் இறங்கிவிட்டதா என்ன?

முந்தைய நாள் மாலை, வேகமாக இருக்கும் என்று நம்பி, இணையப் பெயர்களுக்கு உரிய எண் முகவரியைத் தேடித் தரும் டிஎன்எஸ் அமைப்பை, சர்வரில் கூகுளின் 8.8.8.8 என்ற பொது முகவரிக்கு மாற்றியவன் நான்தான். அதற்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று புரிய, ஸ்பேம் வரக்கூடிய முகவரிகளைத் தொகுத்துவைக்கும் தடுப்புப் பட்டியல் எப்படி வேலை செய்கிறது என்று ஒருமுறை கிட்டே போய்ப் பார்க்க வேண்டும்.

192.0.2.25 என்ற ஐபி முகவரியிலிருந்து ஒரு சர்வர் நம் வாசலுக்குக் கடிதத்துடன் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். நம் சர்வர் அந்த எண்களைப் பின்னிருந்து முன்னாகத் திருப்பி, பட்டியலின் பெயரை (இங்கே ஸ்பாம்ஹாஸ் என்ற அமைப்பு நடத்தும் ஜென் பட்டியல்) ஒட்டவைத்து, 25.2.0.192.ஜென்.ஸ்பாம்ஹாஸ்.ஆர்க் என்ற பெயருக்கு முகவரி உண்டா என்று டிஎன்எஸ்ஸிடம் கேட்கும். திருப்புவதற்குக் காரணம் உண்டு. டிஎன்எஸ் பெயர்கள், நாம் உறையில் எழுதும் முகவரியைப் போல, சிறியதில் தொடங்கிப் பெரியதில் முடிபவை: கதவு எண், தெரு, ஊர், மாவட்டம். ஐபி எண்ணோ மாவட்டத்தில் தொடங்கிக் கதவு எண்ணில் முடிகிறது.

அப்படி ஒரு பெயரே இல்லை என்று பதில் வந்தால் அந்த ஐபி பட்டியலில் இல்லை. இருந்தால் 127.0.0 என்று தொடங்கும் ஒரு பதில் வரும்; காரணம் அதன் கடைசி எண்ணில் இருக்கிறது. ஸ்பாம்ஹாஸின் ஜென் பட்டியலில் 2 என்றால் ஸ்பேம் அனுப்புவதாக நேரடியாகப் பதிவான முகவரி. 4 என்றால் வைரஸ் பிடித்த அல்லது கைப்பற்றப்பட்ட கணினி. 10, 11 என்றால் குற்றம் எதுவும் இல்லை. நேரடியாக அஞ்சல் அனுப்ப வேண்டிய தேவையில்லாத, பெரும்பாலும் வீட்டு இணைப்புகளுக்கான, முகவரி என்று மட்டும் பொருள். 1997 வாக்கில் பால் விக்ஸி என்ற இணையப் பொறியாளரின் மேப்ஸ் என்ற ஸ்பேம் எதிர்ப்பு அமைப்பு தொடங்கிவைத்த முறையின் எலும்புக்கூடு இன்றும் இதுதான்.

நான் விழுந்த குழி இங்கேதான் இருக்கிறது. பொது டிஎன்எஸ் வழியாக வரும் கேள்விகளை யார் கேட்கிறார்கள் என்று ஸ்பாம்ஹாஸுக்குத் தெரியாது. அதனால் அவற்றுக்கு 127.255.255.254 என்று ஒரு பதில் தருகிறார்கள். 'பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்காதே' என்பது அதன் பொருள். ஆனால் என் சர்வரில் நான் எழுதிவைத்திருந்த விதி, ஏதாவது பதில் வந்தாலே தடு என்பதுதான். அவர்கள் என்னைத் திருத்தச் சொன்னார்கள். நான் உலகத்தையே தண்டித்துவிட்டேன். அளவுக்கு மீறிக் கேள்வி கேட்பவர்களுக்கு 127.255.255.255, பட்டியலின் பெயரைப் பிழையாக எழுதியவர்களுக்கு 127.255.255.252 என்று தனித்தனிப் பதில்களும் உண்டு. எண்ணைப் படிக்காதவருக்கு எல்லாம் ஒன்றுதான்.

சரிசெய்ய இரண்டு வேலைகள். டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் அன்பவுண்ட் போன்ற ஒரு ரிசால்வர் மென்பொருளை அஞ்சல் சர்வரிலேயே நிறுவி, அது வேறு எவரிடமும் கேள்வியைக் கைமாற்றாமல் தானே நேரடியாகக் கேட்கும்படி வைக்க வேண்டும். அடுத்து, எந்தெந்தப் பதில்களுக்குத் தடுக்க வேண்டும் என்று வரம்பு கட்ட வேண்டும். அஞ்சல் சர்வர் மென்பொருளான போஸ்ட்ஃபிக்ஸில் பட்டியல் பெயருக்குப் பின் சமக்குறி போட்டு 127.0.0.[2..11] என்று எழுதினால் போதும். ஒரே வரி, அது இல்லாத சர்வர்களை இன்றும் பார்க்கிறேன்.

சோதித்துப் பார்க்கவும் வழி இருக்கிறது. 127.0.0.2 என்ற முகவரி எந்த ஐபி பட்டியலிலும் இருந்தே தீர வேண்டும், 127.0.0.1 ஒருபோதும் இருக்கக் கூடாது என்று 2010இல் வந்த ஆர்எஃப்சி 5782 என்ற இணைய நடைமுறை ஆவணம் சொல்கிறது. மாதம் ஒருமுறை இரண்டையும் கேட்டுப் பாருங்கள். இரண்டாவதற்கும் ஆம் என்று பதில் வந்தால் பட்டியல் செத்துவிட்டது.

பட்டியல்கள் சாகும் என்பதையே பலர் நினைப்பதில்லை. ஓஆர்டிபி என்ற பட்டியல் 2006 டிசம்பரில் மூடப்பட்டது. அதன் பிறகும் எண்ணற்ற சர்வர்கள் அதனிடம் கேட்டுக்கொண்டே இருந்தன. 2008 மார்ச்சில் ஒருநாள், கேட்ட எல்லா முகவரிகளுக்கும் 'ஆம், பட்டியலில் இருக்கிறது' என்று அது பதில் தரத் தொடங்கியது. பதினைந்து மாதமாகத் தூங்கியவர்கள் அன்றைக்கு எழுந்தார்கள். 2015 தொடக்கத்தில் ஏஎச்பிஎல் இதையே செய்தது. புகழ்பெற்ற சோர்ப்ஸ் 2024 ஜூனில் மூடப்பட்டது. எங்கோ கிடைத்த பழைய வழிகாட்டியிலிருந்து ஆறேழு பட்டியல்களை அப்படியே ஒட்டிக்கொண்டவர்கள், ஒவ்வொன்றும் உயிரோடு இருக்கிறதா என்று இன்றே பார்ப்பது நல்லது.

அடுத்தது, யாரைச் சரிபார்ப்பது என்ற குழப்பம். கடிதத்தில் தெரியும் அனுப்புநர் முகவரியை யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் எழுதலாம். ஸ்பேம் வந்த முகவரிகளை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து தடைப்பட்டியல் வளர்க்கும் நிர்வாகிகள் உண்டு. பொய்க் கையெழுத்துகளைச் சேகரிப்பதற்கு ஒப்பான பொழுதுபோக்கு அது. இணைப்பு வந்த ஐபியை அப்படிப் புனைவது மிகக் கடினம். ஏனென்றால் நம் பதில் அங்கே போய்ச் சேர்ந்து திரும்பினால்தான் உரையாடலே நடக்கும். டொமைன் பெயர்களுக்கென்று ஸ்பாம்ஹாஸின் டிபிஎல் போன்ற தனிப் பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றிடம் பெயரைத்தான் கேட்க வேண்டும். ஐபியைக் கேட்டால் 127.0.1.255 என்ற பிழைப் பதில் வரும். அதையும் படிக்காவிட்டால் மறுபடி என் சனிக்கிழமைதான்.

ஐபியைச் சரிபார்ப்பதிலும் இடம் பார்க்க வேண்டும். நம் ஊழியர் வீட்டிலிருந்து, கடவுச்சொல் தந்து, பயனர்கள் அஞ்சல் அனுப்புவதற்கான 587 போர்ட் வழியாக அனுப்புகிறார். அவருடைய வீட்டு இணைப்பு 10 அல்லது 11 என்ற வகையில் பட்டியலில் இருப்பது இயல்பு. கடவுச்சொல் சரிபார்த்தவரை அனுமதிக்கும் விதி, பட்டியல் விதிக்கு மேலே இருக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் மேலிருந்து கீழாகப் படிக்கும். வரிசை மாறினால் சொந்த ஊழியரையே வாசலில் நிறுத்திவிடும். இன்னும் சிலர் கடிதம் கடந்துவந்த எல்லாத் தடங்களின் ஐபிகளையும் தோண்டி எடுத்து இந்தப் பட்டியலோடு ஒப்பிடுவார்கள். கடிதத்தை நம்மிடம் நேரடியாகக் கொடுத்த ஐபி ஒன்றே இதற்குப் பொருந்தும். அதற்கு முன்னால் யாரோ வீட்டில் உட்கார்ந்து எழுதியிருப்பார்கள். வீட்டிலிருந்து எழுதுவது குற்றமா?

தடுப்பதென்றால் உரையாடல் நடக்கும்போதே 5 என்று தொடங்கும் பதிலைச் சொல்லித் தடுத்துவிடுங்கள். வாங்கி வைத்துக்கொண்டு பிறகு 'உங்கள் கடிதம் ஏற்கப்படவில்லை' என்று திருப்பி அனுப்பினால், அது பொய்யாகப் பெயர் எழுதப்பட்ட அப்பாவிக்குப் போகும். அந்தக் குப்பைக்காக உங்கள் சர்வரே பட்டியலில் ஏறலாம்.

பட்டியல் கூடக்கூடப் பாதுகாப்பும் கூடும் என்பது இன்னொரு மயக்கம். யுசிஇபுரொடெக்ட் என்ற அமைப்பின் மூன்றாம் நிலைப் பட்டியல், தனி முகவரியை அல்ல, ஒரு நிறுவனத்தின் மொத்த வலையமைப்பையே சேர்க்கிறது. அதை ஒன்றை மட்டும் நம்பிக் கதவடைப்பது தெருவில் ஒருவர் திருடினார் என்பதற்காகத் தெருவையே உள்ளே விடாததைப் போன்றது. போஸ்ட்ஃபிக்ஸின் வாசல்காவலான போஸ்ட்ஸ்கிரீனில் பட்டியல்களுக்கு மதிப்பெண் தரலாம்: நம்பகமானதற்கு மூன்று, சந்தேகமானதற்கு ஒன்று, மூன்று சேர்ந்தால் தடு. என் கணக்கில் நல்ல பட்டியல் ஒன்றும் துணைக்கு ஒன்றிரண்டும் போதும்.

நாமே பட்டியலில் ஏறிவிட்டால் முதலில் கை போவது நீக்கக் கோரும் படிவத்துக்கு. அதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். பெரும்பாலும் ஊழியர் ஒருவரின் கடவுச்சொல் களவு போயிருக்கும், அல்லது இணையதளத்தின் தொடர்புப் படிவம் திறந்து கிடக்கும். அதை அடைக்காமல் நீக்கம் கேட்டால் மீண்டும் ஏறிவிடும். பணம் கொடுத்தால் சீக்கிரம் நீக்குகிறோம் என்பவர்களிடம் எச்சரிக்கை தேவை. ஸ்பாம்ஹாஸ் இதற்குக் காசு வாங்குவதில்லை. 2012இல் வந்த ஆர்எஃப்சி 6471, நீக்கத்துக்குக் கட்டணம் கேட்பது மிரட்டிப் பறிப்பதற்கு அருகில் வருகிறது என்றே எழுதியிருக்கிறது.

554 நிரந்தர மறுப்பு. அனுப்பிய சர்வர்கள் மறுபடி முயலாது. அதனால் அன்று மாலை வரை லாக் கோப்பிலிருந்து ஒவ்வொரு முகவரியாக எடுத்து, 'மன்னிக்கவும், இன்னொரு முறை அனுப்புங்கள்' என்று தொலைபேசியில் கேட்டுக்கொண்டிருந்தோம். போஸ்ட்ஃபிக்ஸில் சாஃப்ட் பவுன்ஸ் என்று ஓர் அமைப்பு உண்டு. அதை இயக்கிவைத்தால் 5 என்று போகும் மறுப்புகள் 4 என்ற தற்காலிக மறுப்பாக மாறிவிடும். அனுப்பியவர் வரிசையில் கடிதம் காத்திருக்கும். இப்போதெல்லாம் சர்வரில் எதைத் தொட்டாலும் முதலில் அதை இயக்கிவிட்டு, மறுநாள் லாக் கோப்பைப் படித்த பிறகே அணைக்கிறேன். வெள்ளிக்கிழமை மாலைகளில் எதையும் தொடுவதில்லை.