மழை–ஓட்ட மாதிரியை செப்டம்பரில் தொடங்குங்கள்

இலங்கையின் வன்னி ஆற்றுப் படுகைகளுக்கு மழை–ஓட்ட மாதிரியை (பெய்த மழையிலிருந்து ஆற்றில் ஓடும் நீரைக் கணக்கிடும் மாதிரி) அளவுதிருத்தும்போது, அதாவது அளந்த ஓட்டத்துக்குப் பொருந்த அதன் அளவுருக்களைச் சரிசெய்யும்போது, ஜனவரி 1இல் அல்ல, செப்டம்பர் 1இல் ஓட்டத் தொடங்குங்கள். அப்போது மேல்மண் காய்ந்து கிடக்கும், சின்னக் குளங்கள் பலதும் வற்றியிருக்கும், அதனால் மண்ணின் ஆரம்ப ஈரத்தை வாடல் நிலைக்கு (செடி வாடிப்போகும் அளவுக்கு மண் காய்ந்த நிலை) பக்கத்தில் வைத்தாலே சரி. ஜனவரியில் மண்ணிலும் குளங்களிலும் தண்ணீர் எவ்வளவு நிறைந்திருக்கிறது என்பதே ஊகம்தான், அந்தப் பிழையை மறைக்க மற்ற அளவுருக்கள் எல்லாம் கோணிப்போகும்.

அப்புறம், ஐப்பசி முதல் மழைக்கு மாதிரி காட்டும் ஓட்டம் ஆற்றில் இல்லையென்றால் உடனே அளவுருவைத் திருகாதீர்கள். மேலேயுள்ள குளங்கள் நிரம்பி வான் பாயும்வரை கீழே தண்ணீர் பெரிதாக வராது. அந்தக் குளங்களின் கொள்ளளவை மாதிரியில் சேர்த்தீர்களா என்று முதலில் பாருங்கள்.

இரணைமடு போன்ற பெரிய குளங்களின் கீழே, சிறுபோகத்துக்கு (வறண்ட பருவ நெற்சாகுபடி) தண்ணீர் திறந்த வயல்களில் செப்டம்பரில் மண் காய்ந்திருக்கும் என்ற கணக்கு பொருந்தாது, அங்கே மண் ஈரமாகவே இருக்கலாம்.